ஐந்து நட்சத்திரம் எளிது, மூன்று நட்சத்திரம் கடினம்: சுடோகு அளவீட்டில் என்னதான் நடக்கிறது?

தொண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நாளிதழில் வரும் ஐந்து நட்சத்திர சுடோகுவைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறாராம். ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் வாங்கிய புத்தகத்தில் மூன்று நட்சத்திரம் போட்ட ஒரு புதிர் இரண்டு நாளாக நகரவில்லை. போனில் ஏதோ ஒரு ஆப்பில் 'எக்ஸ்பர்ட்' என்று வந்ததை நோட்டில் எழுதிப் போட்டுப் பார்த்தார், அதுவும் பாதியில் நிற்கிறது. "நட்சத்திரத்துக்கு என்னதாண்ணே அர்த்தம்? அடுத்து எந்த உத்தியைப் படிக்கணும்? ஊகிச்சுப் போடுறது தப்பா?" என்று கேட்டு மூன்றுக்கும் படம் அனுப்பியிருக்கிறார்.

நான் ராமேஸ்வரத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கும், எனக்கு எழுத ஒரு சீட்டும் வராது. பத்துப் பன்னிரண்டு தடைக்காலமாக அந்த நாட்களை சுடோகுவில்தான் கழித்திருக்கிறேன். போடுவது மட்டுமில்லை, ஒரு புதிர் ஏன் கடினமாக இருக்கிறது என்று குடைந்து பார்ப்பதிலும் ஒரு கிறுக்கு உண்டு. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

முதலில் நட்சத்திரம். அதற்குப் பொது அளவுகோல் கிடையாது. 22 காரட் தங்கம் என்றால் தொண்டியிலும் தூத்துக்குடியிலும் ஒன்றுதான். சுடோகு நட்சத்திரம் ஏலக்கூடத்தில் "பெருநண்டு, பெருநண்டு" என்று கூவுகிற மாதிரி. எவ்வளவு பெரிது என்பது எந்தக் கரையில் யார் கூவுகிறார் என்பதைப் பொறுத்தது. ஒரு பதிப்பாளர் காலிக் கட்டங்களை எண்ணி நட்சத்திரம் போடுவார். இன்னொருவர் ஆட்கள் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று பார்ப்பார். மூன்றாமவர் மென்பொருளிடம் கொடுத்து, எந்தெந்த உத்தி தேவைப்பட்டது என்று கேட்பார். உங்கள் கையில் இருக்கும் மூன்று புதிரும் மூன்று தராசில் நிறுத்தவை. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடவே முடியாது.

இந்த மூன்று வழிகளில் மோசமானது காலிக் கட்டத்தை எண்ணுவது. பார்ப்பதற்கு நியாயமாகத்தான் தெரியும்: எண் குறையக் குறையக் கடினம் ஏற வேண்டும் இல்லையா? ஏறாது. ஒரே ஒரு விடை இருக்க வேண்டுமானால் குறைந்தது 17 எண்களாவது முன்னதாகக் கொடுத்திருக்க வேண்டும், 16-இல் முடியவே முடியாது என்று டப்ளினில் கேரி மெக்குவைர் குழுவினர் மாதக்கணக்கில் கணினியை ஓட்டி 2012-இல் நிறுவினார்கள். அந்த 17 எண் புதிர்களில் பல, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடக்கூடிய அளவுக்கு எளியவை. தாள் வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்துப் பயந்துவிடுகிறோம், அவ்வளவுதான். ஆனால் 2006-இல் ஆர்ட்டோ இன்காலா என்ற பின்லாந்துக் கணிதக்காரர் உலகத்திலேயே கடினமானது என்று சொல்லி வெளியிட்ட 'ஏ.ஐ. எஸ்கார்கோ' புதிரில் 23 எண்கள் இருக்கின்றன. 17-ஐவிட ஆறு அதிகம். அதைக் கையில் எடுத்தால் தலை சுற்றும்.

இதன் எதிர் முனை இன்னும் வேடிக்கை. 81 கட்டத்தில் 77-ஐ நிரப்பிக் கொடுத்த பிறகும் இரண்டு விடை வருகிற புதிர் இருக்க முடியும். நாலே நாலு கட்டம்தான் பாக்கி, ஆனாலும் முடிவு சொல்ல முடியாது. அது எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன். அதில் என் மானம் போன கதையும் இருக்கிறது.

அப்படியென்றால் கடினம் எதில் இருக்கிறது? பாம்பனை நினைத்துக்கொள்ளுங்கள். வடகடலிலிருந்து தென்கடலுக்குப் படகு கொண்டுபோகிறவரிடம் "வழி எப்படி?" என்று கேட்டால், எத்தனை மைல் என்று சொல்ல மாட்டார். பாம்பன் கால்வாயில் பாலத்துக்கு அடியில் அன்றைக்கு நீரோட்டம் எப்படி இழுத்தது என்பதைத்தான் சொல்வார். மற்ற தூரமெல்லாம் ஓட்டம்தான், அந்த ஒரு வாய்தான் கஷ்டம். சுடோகுவும் இப்படித்தான். எண்பது அடி சுலபமாக இருந்து ஒரே ஒரு அடியில் கடினமான உத்தி தேவைப்பட்டால், அந்த உத்தி தெரியாதவருக்கு அந்தப் புதிர் பூட்டிய கதவு.

'சுடோகு எக்ஸ்பிளெய்னர்' என்றொரு இலவச மென்பொருள் உண்டு. அது இந்தக் கணக்கில்தான் எண் போடுகிறது. மனிதன் யோசிக்கிற மாதிரி ஒவ்வொரு அடியாகப் போட்டுக்கொண்டே போகும். வழியில் தேவைப்பட்ட உத்திகளில் எது ஆகக் கடினமோ, அதன் மதிப்புதான் முழுப் புதிரின் மதிப்பு. ஒரு பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைக் கண்டுபிடிப்பது 1.2, வரிசையிலோ பத்தியிலோ கண்டுபிடிப்பது 1.5, ஜோடி 3.0, எக்ஸ்-விங் 3.2 என்று ஏறும் (இவை என்ன என்று கீழே சொல்கிறேன்). எஸ்கார்கோ 10.5. 'கோல்டன் நகெட்' என்ற புதிருக்கு 11.9. புதிர்ப் பைத்தியங்கள் இன்றைக்கும் பேசிக்கொள்கிற எண் இதுதான்.

'ஹோடோகு' என்ற இன்னொரு மென்பொருள் வேறு மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் புள்ளி போட்டுக் கூட்டிக்கொண்டே வரும். பாலத்தடியை மட்டும் பார்க்காமல் மொத்தப் பயணக் கூலியையும் கணக்கில் எடுக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சுவாரஸ்யம். ஒரு கட்டத்துக்கு எட்டு எண்களும் அடைபட்டு ஒன்றே ஒன்று மிஞ்சுவதை 'நேக்கட் சிங்கிள்' என்பார்கள். ஒரு பெட்டிக்குள் ஒரு எண்ணுக்கு ஒரே ஒரு இடம் மிஞ்சுவது 'ஹிடன் சிங்கிள்'. ஹோடோகு முதலாவதுக்கு 4 புள்ளி, இரண்டாவதுக்கு 14 கொடுக்கிறது. எக்ஸ்பிளெய்னரோ தலைகீழாக முதலாவதுக்கு 2.3, இரண்டாவதுக்கு 1.2 என்கிறது. சுடோகுவின் ஆனா ஆவன்னாவிலேயே இரண்டு தராசும் இரண்டு பக்கம் சாய்கின்றன.

எனக்கு எக்ஸ்பிளெய்னர் சொல்வதுதான் சரி. பென்சில் குறி எதுவும் போடாமல் வெறும் தாளைப் பார்க்கிறவர் கண்ணுக்கு, "இந்தப் பெட்டியில் 7 எங்கே?" என்ற கேள்விதான் சட்டென்று வரும். மேல் வரிசையில் ஒரு 7, அதற்கு அடுத்த வரிசையில் ஒரு 7 இருந்தால் இரண்டு கோட்டையும் கண் தானாக இழுத்துவிடும். மூன்றாவது வரிசையில் மிச்சமிருக்கும் ஒரு கட்டம் பல்லிளிக்கும். நேக்கட் சிங்கிளுக்கு வரிசை, பத்தி, பெட்டி மூன்றையும் சுற்றி எட்டு எண்ணை எண்ண வேண்டும். எல்லாக் கட்டத்திலும் சாத்தியமான எண்களைச் சிறிதாக எழுதிவைத்துவிட்டுப் போடுகிறவருக்கும் கணினிக்கும் அது சுலபம். ஆக, கடினம் என்பது புதிரில் மட்டும் இல்லை, போடுகிறவர் பழக்கத்திலும் இருக்கிறது.

பள்ளியில் இவற்றை நிரை, நிரல் என்று படித்தோம். நான் வரிசை, பத்தி என்றே எழுதுகிறேன். மூன்றுக்கு மூன்று இருப்பது பெட்டி. வரிசையை மேலிருந்தும் பத்தியை இடமிருந்தும் எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்கள் நாளிதழ் புதிரை ஓட்டிப் பார்த்தேன். ஆரம்பம் முதல் முடிவு வரை இந்த சிங்கிள்கள் மட்டும்தான். பெயரிலேயே அது இருக்கிறது, தெரியுமோ? அமெரிக்காவில் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் உருவாக்கிய விளையாட்டு 1979-இல் 'நம்பர் பிளேஸ்' என்ற பெயரில் ஒரு பத்திரிகையில் வந்தது. 1984-இல் ஜப்பானின் நிகோலி பதிப்பகம் அதை எடுத்துப் போட்டபோது நீளமாக ஒரு பெயர் வைத்தார்கள். அதன் பொருள், எண்கள் கல்யாணம் ஆகாமல் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்பது. நம் பேச்சில் சொன்னால் ஒண்டிக்கட்டை. அதைச் சுருக்கி சுடோகு ஆக்கியவர் மாக்கி காஜி. 1997-இல் டோக்கியோ புத்தகக் கடை ஒன்றில் இதைப் பார்த்த வேய்ன் கோல்ட் என்ற ஓய்வுபெற்ற நீதிபதி, புதிர் உருவாக்கும் மென்பொருளை ஆறு வருடம் உட்கார்ந்து எழுதி, 2004 நவம்பரில் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் வரவைத்தார். அதற்கப்புறம்தான் இது உலகமெல்லாம் பரவியது. நாளிதழ்காரர்களுக்கு ஒரு நடைமுறைக் கட்டாயம் உண்டு. வாசகர் காப்பி ஆறுவதற்குள் முடிக்க வேண்டும், முடித்த திருப்தியும் வேண்டும். அதனால் அவர்களுடைய ஐந்து நட்சத்திரம் பெரும்பாலும் சிங்கிள் எல்லையைத் தாண்டாது.

ஆனாலும் எல்லா சிங்கிள் புதிரும் ஒரே மாதிரி கடினம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு புதிரில் எந்த நேரத்தில் பார்த்தாலும் ஆறேழு இடம் திறந்து கிடக்கும், எங்கே கை வைத்தாலும் மீன். இன்னொன்றில் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு இடம்தான் திறக்கும், அதைக் கண்டுபிடிக்கிற வரை மற்ற எல்லாம் அடைப்பு. எக்ஸ்பிளெய்னர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் கொடுக்கும். போடுகிறவருக்குப் பத்து நிமிட வேலைக்கும் ஒரு மணி நேர வேலைக்கும் உள்ள வித்தியாசம். இந்த மென்பொருள் அளவீட்டில் நான் காணும் பெரிய ஓட்டை இதுதான்.

சரி, உத்திகளுக்கு வருவோம். சிங்கிள் தீர்ந்தவுடன் எல்லோரும் செய்கிற தவறு, 81 கட்டத்திலும் சாத்தியமான எண்களையெல்லாம் எழுதித் தாளை எறும்புப் புற்று ஆக்குவது. அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. ஒரு பெட்டிக்குள் ஒரு எண்ணுக்கு இரண்டே இரண்டு இடம் மட்டும் மிஞ்சினால், அந்த இரண்டு கட்டத்தின் மூலையில் மட்டும் சிறிதாக எழுதுங்கள். மூன்று இடம் இருந்தால் எழுத வேண்டாம். 2007, 2008, 2011 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலக சுடோகு சாம்பியனான தாமஸ் ஸ்நைடர் பெயரில் வழங்கும் முறை இது. (2008 போட்டி நம் கோவாவில்தான் நடந்தது.) தாள் சுத்தமாக இருக்கும், அடுத்த இரண்டு உத்திகள் தேடாமலே கண்ணில் படும்.

முதலாவது, பூட்டிய எண். இடது மேல் பெட்டியில் 4-க்கு இரண்டு இடம், இரண்டும் இரண்டாம் வரிசையில். எதில் விழும் என்று தெரியாது. ஆனால் அந்த வரிசையின் 4 இந்தப் பெட்டிக்குள்தான் என்பது உறுதி. ஆக, இரண்டாம் வரிசையில் மற்ற பெட்டிகளில் 4 வராது. எக்ஸ்பிளெய்னர் கணக்கில் 2.6. நாளிதழ் அளவிலிருந்து மேலே ஏறுகிறவருக்கு முதல் வாசல் இதுதான். இதைப் பார்க்கப் பழகாமல் எக்ஸ்-விங் படிக்கப் போகிறவர்கள் நிறைய.

இரண்டாவது, ஜோடி. ஒரு வரிசையில் ஒரு கட்டத்தில் 3, 8 மட்டும், இன்னொன்றிலும் அதே 3, 8 மட்டும். இரண்டு வத்தை, இரண்டு துறை. எந்த வத்தை எந்தத் துறையில் கட்டியிருக்கிறது என்று இருட்டில் தெரியாவிட்டாலும், மூன்றாவது வத்தைக்கு அங்கே இடமில்லை என்பது தெரியும். அதே வரிசையில் 3, 6, 8 என்று எழுதிய கட்டம் இருந்தால் அது 6.

இதன் மறுபக்கம் மறைந்த ஜோடி. இரண்டு எண்களுக்கு ஒரு வரிசையில் இரண்டே கட்டம்தான் இடம். ஆனால் அந்தக் கட்டங்களில் வேறு நாலைந்து எண்களும் குப்பையாகக் கிடக்கும். அந்தக் குப்பையை அழிக்கலாம். கண்ணுக்கு இது சுலபத்தில் தெரியாது. எக்ஸ்பிளெய்னர் இதற்கு 3.4 கொடுத்து எக்ஸ்-விங்குக்கு மேலே வைக்கிறது. ஹோடோகுவோ மறைந்த ஜோடிக்கு 70, எக்ஸ்-விங்குக்கு 140 என்கிறது. இந்த இடத்தில் நான் ஹோடோகு கட்சி. ஸ்நைடர் முறையில் குறிபோட்டால், பெட்டிக்குள் இருக்கும் மறைந்த ஜோடி தானாக வெளியே வந்துவிடும். எக்ஸ்-விங் அப்படி வராது, தாள் முழுவதையும் ஒரே எண்ணுக்காகத் துழாவ வேண்டும்.

மூன்று, நான்கு எண் கூட்டங்களும் உண்டு. அவற்றில் ரொம்ப நேரம் செலவழிக்காதீர்கள். ஒரு குறுக்குவழி மட்டும் தெரிந்தால் போதும்: ஒரு வரிசையில் ஐந்து கட்டம் காலி, அதில் மூன்று கட்டம் ஒரு கூட்டமாகப் பூட்டிக்கொண்டால் மிச்ச இரண்டும் மறைந்த ஜோடி. ஒரே விஷயத்துக்கு இரண்டு முகம். எது சின்னதோ அதைத் தேடுங்கள்.

இப்போது உங்கள் மூன்று நட்சத்திரத்துக்கு வருகிறேன். நீங்கள் சிக்கிய இடம் வரை எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். இனி 5-ஐ மட்டும் பாருங்கள், மற்ற எட்டு எண்களும் கண்ணில் படாதது மாதிரி. இரண்டாம் வரிசையில் 5-க்கு இரண்டே இடம்: மூன்றாம் பத்தி, ஏழாம் பத்தி. எட்டாம் வரிசைக்குப் போங்கள். அங்கேயும் 5-க்கு இரண்டே இடம், அதே மூன்று, அதே ஏழு. நாலு மூலை கிடைத்துவிட்டது, இதுதான் எக்ஸ்-விங். இரண்டாம் வரிசையின் 5 மூன்றாம் பத்தியில் விழுந்தால், எட்டாம் வரிசையின் 5 ஏழாம் பத்திக்குப் போயாக வேண்டும். இங்கே ஏழில் விழுந்தால் அங்கே மூன்று. கயிற்றுக் கட்டிலில் மூலைக்கு மூலை கயிறு இழுக்கிற மாதிரி. எப்படி இழுத்தாலும் மூன்றாம் பத்திக்கும் ஏழாம் பத்திக்கும் உரிய 5 இந்த நாலு மூலைக்குள்ளேயே தீர்ந்துபோகிறது. ஆகவே அந்த இரண்டு பத்திகளிலும் வேறு எங்கே 5 எழுதியிருந்தாலும் அழியுங்கள்.

ஐந்தாம் வரிசை ஏழாம் பத்தியில் 5, 9 என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். 5 போனால் 9. அந்த ஒரு 9 விழுந்ததும் அப்புறம் கடைசி வரை சிங்கிள்தான். ஓட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டு நாள் நிறுத்தியது அந்த ஒரு அடிதான். புதிரின் மதிப்பு 3.2. புத்தகக்காரர் மூன்று நட்சத்திரம் போட்டதில் தப்பே இல்லை. ஐந்துக்கு அவர் வேறு என்னென்ன வைத்திருக்கிறாரோ!

இதே கணக்கை இரண்டு வரிசைக்குப் பதில் மூன்று வரிசை, மூன்று பத்தியில் செய்தால் 'ஸ்வார்ட்ஃபிஷ்', வாள்மீன். நான்கில் செய்தால் 'ஜெல்லிஃபிஷ்'. அதாவது நம் ஊர்ச் சொறி. வலையில் சொறி ஏறினால் என்ன பாடு என்று கடற்கரையில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம், தாளிலும் அதே அரிப்புதான். நல்லவேளை, இந்த மீன் வரிசை நாலோடு நின்றுவிடுகிறது. ஐந்து வரிசை மீன் ஒன்று இருந்தால், அதைப் பத்திப் பக்கமிருந்து பார்க்கும்போது நாலு அல்லது அதற்கும் சின்ன மீன் ஒன்று கட்டாயம் இருக்கும். வாள்மீனைக் கையால் பிடிக்கப் பழகுங்கள். சொறியை விட்டுத் தள்ளுங்கள். இத்தனை வருடத்தில் அது இல்லாமல் தீராத புதிர் என் கையில் வந்ததில்லை.

அடுத்து நான் சிபாரிசு செய்வது எக்ஸ்-ஒய் விங். எனக்குப் பிடித்த உத்தி. ஐந்தாம் வரிசை ஐந்தாம் பத்தியில் 2, 5. அதே வரிசையில் ஒன்பதாம் பத்தியில் 2, 9. அதே ஐந்தாம் பத்தியில் எட்டாம் வரிசையில் 5, 9. நடுவில் இருப்பது 2 ஆனால் வலது கட்டம் 9. நடுவில் இருப்பது 5 ஆனால் கீழ்க் கட்டம் 9. எப்படியானாலும் இரண்டில் ஒன்று 9. இரண்டோடும் வரிசையிலோ பத்தியிலோ சேரும் கட்டம், அதாவது எட்டாம் வரிசை ஒன்பதாம் பத்தி, 9 ஆக முடியாது. மதிப்பு 4.2. இரண்டே எண் கொண்ட கட்டங்களை மட்டும் தேடினால் போதும் என்பதால், அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தேடப் பழகிவிட்டால் வாள்மீனைவிடச் சீக்கிரம் மாட்டும்.

இனி அந்த 77 எண் கதை. முதல் வரிசையில் முதல் பத்தியில் 4, நான்காம் பத்தியில் 7. இரண்டாம் வரிசையில் அதே இடங்களில் 7, 4. இந்த நாலையும் அப்படியே இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். வரிசையில் 4-ம் 7-ம் இருக்கின்றன, பத்தியிலும் இருக்கின்றன, இடது பெட்டியிலும் நடுப் பெட்டியிலும் இருக்கின்றன. எந்த விதியும் உடையவில்லை. ஆக, மற்ற 77-ஐக் கொடுத்துவிட்டு இந்த நாலை மட்டும் விட்டால் இரண்டு விடை.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் தெருத் திருவிழா மலருக்கு ஒரு சுடோகு நானே உருவாக்கிக் கொடுத்தேன். முழுக் கட்டத்தை எழுதிவிட்டு, அழகாக வர வேண்டுமென்று இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற மாதிரி எண்களை அழித்தேன். (நிகோலிகாரர்கள் கொடுக்கும் எண்கள் சமச்சீராக இருக்க வேண்டும், 32-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கும் வழக்கத்தைப் படித்துவிட்டு வந்த வேகம்.) ஆனால் விடை ஒன்றுதானா என்று சரிபார்க்கவில்லை. பரிசு முந்நூறு ரூபாய். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று விடையோடு வந்தது, நான் எழுதி வைத்திருந்த விடையோடு ஒத்துப்போகவில்லை. தப்பு என்றேன். அந்தப் பிள்ளை அசையாமல் நின்று, எந்த வரிசையில் தப்பு என்று கேட்டது. காட்ட முடியவில்லை. நாலு கட்டம், 4-ம் 7-ம் மாறிக் கிடந்தன, இரண்டு விடையும் சரி. இன்னொரு பையனுக்கும் சேர்த்து அறுநூறு ரூபாய் கொடுத்துத் தீர்த்தேன்.

இந்தக் குறையே ஓர் உத்தியாகவும் இருக்கிறது. ஒழுங்கான புதிருக்கு விடை ஒன்றுதான். அப்படியென்றால் மேலே சொன்ன மாதிரி நாலு மூலை அமைந்து, மூன்றில் 4, 7 மட்டும், நான்காவதில் 4, 7, 9 என்று இருந்தால் அந்த நான்காவது 9 ஆகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு விடை வந்துவிடும். இதற்கு 'யுனீக் ரெக்டாங்கிள்' என்று பெயர், மதிப்பு 4.5-இல் தொடங்கும். சுத்தபத்தக்காரர்கள் இதை ஏற்க மாட்டார்கள். விடை ஒன்று என்பதைப் புதிர்தான் நிரூபிக்க வேண்டும், நாம் அதை முன்கூட்டியே நம்பிக்கொண்டு போடக் கூடாது என்பது அவர்கள் வாதம். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. அச்சடித்தவரை நம்பித்தானே காசு கொடுத்து வாங்குகிறோம். ஆனால் திருவிழா மலரில் வருகிற புதிரில் மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டாம்.

ஊகம் தப்பா என்ற கேள்விக்கு வருவோம். எக்ஸ்பிளெய்னர் அளவில் ஆறரையைத் தாண்டிவிட்டால் மிச்சமெல்லாம் பெரும்பாலும் சங்கிலிகள்தான். "இது 2 என்றால் அது 9, அது 9 என்றால் அங்கே 5 போகும்..." என்று ஓட்டிக்கொண்டே போய், தொடங்கியது 2 ஆனாலும் 6 ஆனாலும் ஒரே முடிவுக்கு வருகிறதா, அல்லது ஒரு பக்கம் முட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பது. அப்போது ஊகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். ஒரு கட்டத்தில் 2 போட்டுப் பார்த்து, ஏழாவது அடியில் ஒரே வரிசையில் இரண்டு 5 வந்தால், அது 2 இல்லை என்று நிரூபித்துவிட்டீர்கள். அதுவும் தர்க்கம்தான். ஆனால் 2 போட்டு, அதிர்ஷ்டவசமாகக் கடைசி வரை முட்டாமல் நிரம்பிவிட்டால் விடை கிடைக்கும், ஏன் 6 இல்லை என்பது கிடைக்காது. விடைதான் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம், யாரும் போலீசுக்குப் போக மாட்டார்கள். என் வழக்கம் இது: ஊகிப்பதற்கு முன்னால் தாளை மடித்து வைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் ஒரு நடை. திரும்பி வந்தும் தெரியாவிட்டால், இரண்டே எண் உள்ள ஒரு கட்டத்தில் லேசான பென்சிலால் தொடங்குவேன். பேனாவால் ஊகிக்கிறவரைக் கண்டால் எனக்கு ஆகாது.

கணினி செய்வது முழுக்க இந்த ஊகம்தான், அசுர வேகத்தில். ஒரு எண் போடும், முட்டினால் திரும்பி வரும், அடுத்ததைப் போடும். 81 கட்டம், ஒவ்வொன்றிலும் 9 எண், ஆக 729 வாய்ப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண், ஒவ்வொரு வரிசை, பத்தி, பெட்டியிலும் ஒவ்வொரு எண்ணும் ஒரு தடவை என்று மொத்தம் 324 நிபந்தனைகள். கணினி அறிஞர் டொனால்டு நுத் 2000-இல் எழுதிய 'டான்சிங் லிங்க்ஸ்' முறையில் இவற்றைக் கொடுத்தால் எஸ்கார்கோவையும் கண் சிமிட்டுவதற்குள் முடித்துவிடும். அதனால்தான் கணினி எடுக்கும் நேரத்தை வைத்துப் புதிருக்கு மதிப்புப் போட முடியாது. எளிதும் கடினமும் அதற்கு ஏறக்குறைய ஒன்றே. மனிதனைப் போல மெதுவாகப் போடு என்று கட்டிப்போட்டால்தான் அதால் மதிப்பிட முடிகிறது. புதிர் தீர்ந்துவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். முழுமையாக நிரம்பிய சுடோகு கட்டங்கள் மொத்தம் 6,670,903,752,021,072,936,960 என்று 2005-இல் பெல்கன்ஹவரும் ஜார்விஸும் கணக்கிட்டார்கள். திருப்பி, புரட்டி, எண் மாற்றி ஒன்றாக்கக் கூடியவற்றையெல்லாம் ஒன்றாகவே எண்ணினாலும் 547 கோடிக்கு மேல் தனித்தனியாக நிற்கின்றன.

ஆக, உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: ஸ்நைடர் குறி, பூட்டிய எண், ஜோடி, மறைந்த ஜோடி, எக்ஸ்-விங், எக்ஸ்-ஒய் விங், அப்புறம் யுனீக் ரெக்டாங்கிள். வாள்மீன் நடுவில் எங்கேயாவது வந்து சேரட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். அந்த உத்தி தேவைப்படுகிற புதிர்களை மட்டும் பொறுக்கிப் போடுங்கள். ஹோடோகுவில் உத்தியின் பெயரைச் சொல்லிப் புதிர் கேட்கிற வசதி இருக்கிறது. நட்சத்திரத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

கடைசியாக மூன்றாவது படம், அந்த எக்ஸ்பர்ட். அதில் நீங்கள் சிக்கியது உத்தி தெரியாமல் இல்லை. நான்காம் வரிசை முதல் கட்டத்தில் 6 போட்டிருக்கிறீர்கள். அதே வரிசை எட்டாம் கட்டத்தில் பென்சில் 6 அழியாமல் கிடக்கிறது. அதை அழித்தால் அங்கே மிஞ்சுவது 1, 7. அதே பெட்டியில் ஐந்தாம் வரிசை ஒன்பதாம் கட்டத்திலும் 1, 7. ஜோடி வந்துவிட்டது. ஆறாம் வரிசை ஏழாம் கட்டத்தில் 1, 4, 7 என்று இருப்பது 4. அதற்கு மேல் கடினமாக எதுவும் இல்லை, முழுப் புதிருக்கும் மதிப்பு 3.0, உங்கள் மூன்று நட்சத்திரத்தைவிடக் குறைவு. அந்த 4-ஐ எழுதிவிட்டு ஆறாம் வரிசையிலிருந்தே தொடருங்கள்.